நாலாவது மாடியின் ஆரஞ்சுக் கோடு

எங்கள் பள்ளியில் கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. அதில் யார் பெயர் ஏறினாலும் வீட்டிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இந்த விஷயம் நடக்கும்முன் ஒரே வருடத்தில் என் பெயர் அதில் நான்கு முறை ஏறியிருந்தது. நான்கு முறையும் ஒரே குற்றம்தான், நெயில் பாலிஷ்.

எழுதுகிறவர் தலைமையாசிரியை. கழுகு மிஸ் என்றால்தான் யாருக்கும் தெரியும். மாடி ஜன்னலிலிருந்தே மைதானத்தில் நிற்பவளின் நகம் என்ன நிறம் என்று சொல்லிவிடுவார். நான் பிடிபடும்போதெல்லாம் அம்மா லீவு போட்டுவிட்டு வருவாள், கையெழுத்துப் போடுவாள், வழிநெடுகத் திட்டுவாள், வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வாள். ஆனால் தூக்கி எறிய மாட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், பாதி பாட்டிலைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. நேராக அப்பாவின் கருவிப் பெட்டியில் போட்டுவிடுவாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு நட்டை இறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுப்பது அந்தத் தொழிலில் வழக்கம். நட்டு இம்மி திரும்பினாலும் கோடு உடைந்து இரண்டு துண்டும் விலகி நிற்கும். அடுத்த முறை வருகிறவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இதற்கென்று கம்பெனி தரும் பெயின்ட் காய அரை மணி நேரம் ஆகும். நெயில் பாலிஷ் இரண்டே நிமிடத்தில் காய்ந்துவிடும். "நீ மாட்டிக்கிட்டாதான் எனக்குச் சரக்கு வருது, சண்டைக்கோழி" என்று அப்பா சிரிப்பார்.

புதுக் கோடு போடுமுன் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அப்பா சுரண்ட மாட்டார். ஸ்பேனரை வைத்து அழுத்திப் பார்ப்பார். நட்டு அசையவில்லை என்றால் பழைய கோட்டின் மேலேயே புதிதாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சோம்பேறித்தனம் என்று அம்மா சொல்வாள். சோம்பேறித்தனமேதான். அதற்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மூக்குக்கண்ணாடிக்காரர் செத்துப்போனார்.

அப்பா லிஃப்ட் சர்வீஸ் பார்க்கும் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் அவருக்கு ஒரு சின்னப் பட்டறை. நான் போட்டிருக்கும் கண்ணாடி அவர் தேய்த்துக் கொடுத்ததுதான். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று சொல்லி மற்ற எல்லாரையும் காலி செய்தாகிவிட்டது. அவர் மட்டும் போகவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு, முடித்த கண்ணாடிகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, அதை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து லிஃப்டுக்குள் போவார். பழைய காலத்து லிஃப்ட் அது. கதவைக் கையால் இழுத்துத் திறக்க வேண்டும். லிஃப்ட் அந்த மாடிக்கு வந்து நின்றால்தான் பூட்டு விடும்.

"திரும்பிப் பார்த்துட்டுப் போங்க" என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார்.

"கதவு திறந்தா லிஃப்ட் நிக்குதுன்னு அர்த்தம். நீங்க மாட்டின பூட்டு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்பார் அவர்.

அன்று கதவு திறந்தது. லிஃப்ட் கீழே தரைத்தளத்தில் நின்றிருந்தது.

பூட்டைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளும் தளர்ந்து பூட்டு கீழே இறங்கியிருந்ததாகப் போலீஸ் சொன்னது. கட்டடத்து மேனேஜர் வாக்குமூலம் கொடுத்தார்: "செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்தார். நாலாவது மாடிக்கு ஏறவே இல்ல. கீழேயே சர்வீஸ் அட்டைல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். என் கண்ணால பார்த்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். வெயிலிலும் டை கட்டியிருந்தார். அம்மா கொடுத்த டீயைத் தொடாமல் ஒரு தாளை மேசைமேல் வைத்தார்.

"கவனக்குறைவால நடந்துடுச்சுன்னு ஒத்துக்கோங்க. ஆறு மாசத்தோட போயிடும். வக்கீலைக் கம்பெனி பார்த்துக்கும். சண்டை போட்டீங்கன்னா வருஷக்கணக்குல இழுக்கும், லைசென்ஸும் போயிடும். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுடுங்க."

"நான் ஏறினேன் சார்" என்றார் அப்பா. "அழுத்திப் பார்த்தேன். கோடு போட்டேன்."

"உங்க கோட்டுல தேதி எழுதியிருக்கா? அது போன வருஷம் போட்ட கோடா, போன வாரம் போட்டதான்னு யார் கண்டா?"

 டைக்காரர் போன பிறகு அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை நட்டு. எத்தனை கட்டடம். அன்னிக்கு நிஜமாவே ஏறினேனா, இல்ல ஏறினதா நினைச்சுக்கறேனா? அந்த மனுஷன் என்னை நம்பித்தானே காலை வெச்சார்?"

யார் என்ன சொன்னாலும் எனக்கு வலிக்காது, வாய்க்கு வாய் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அப்பா தன்னையே நம்பாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கையெழுத்துப் போடாதீங்கப்பா."

"நீ சும்மா இருடி" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. "ஆறு மாசம்னு சொல்றாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா முடிஞ்சுடும்."

"செய்யாத தப்புக்கு ஆறு நிமிஷம்கூட இருக்கக் கூடாது."

"அப்ப நீ போய் நிரூபி!"

கோபத்தில் சொன்னாள். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் பூட்டை அடையாளம் காட்ட வரச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நானும் ஒட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் கீழே கேட்டருகில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் படியேறி நாலாவது மாடிக்குப் போனோம். பட்டறைக் கதவு திறந்தே இருந்தது. தேய்க்கும் இயந்திரத்தின் மேல் பாதி தேய்த்த ஒரு லென்ஸ் அப்படியே கிடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

லிஃப்ட் வாசலில் தடயவியல் ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு பெண் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நீல உறை, கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி. நான் மனசுக்குள் அவருக்கு லேப் அக்கா என்று பெயர் வைத்தேன். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். கழற்றிய பூட்டு உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. நட்டுகள் தளர்ந்த நிலையிலேயே அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதுதான் நீ போட்ட பூட்டா?" என்று அப்பாவைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார்."

நான் குனிந்து பார்த்தேன். என் கண்ணில் முதலில் பட்டது ஆரஞ்சு. தகட்டின் மேல் ஒரு துண்டு, நட்டின் மேல் ஒரு துண்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் வேறு வேறு பக்கம் திரும்பியிருந்தன.

"அது என் நெயில் பாலிஷ்!" என்று கத்திவிட்டேன்.

"பாப்பா, இது அழகு நிலையம் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்கு மூக்கின்மேல் கோபம். வலது கால் ஷூவைக் கழற்றினேன், சாக்ஸை உருவினேன், காலைத் தூக்கி அந்தப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கை நகத்தைத்தான் கழுகு மிஸ் அழிக்க வைத்தார். ஷூவுக்குள் அவர் கண் போகாது. ஐந்து விரலிலும் ஆரஞ்சு அப்படியே இருந்தது, வெள்ளி மினுக்கு உட்பட.

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். லேப் அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். உருப்பெருக்கியை என் கட்டைவிரலுக்கு மேல் பிடித்தார், பிறகு பைக்கு மேல் பிடித்தார், மறுபடியும் விரலுக்கு வந்தார்.

"எந்தக் கடைல வாங்கின?"

"கடைல கிடைக்காது அக்கா. நானே கலக்கினது. தீர்ந்துபோன சிவப்பு, கொஞ்சம் மஞ்சள், தோழி குடுத்த வெள்ளி மினுக்கு. ஞாயித்துக்கிழமை, ஏழாம் தேதி கலக்கினேன். எட்டாம் தேதி ஸ்கூல்ல மாட்டிக்கிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் அம்மா பாட்டிலைப் பிடுங்கி அப்பாவோட பெட்டில போட்டுட்டாங்க."

"அப்பா இங்கே சர்வீஸுக்கு வந்தது?"

"ஒன்பதாம் தேதி" என்றார் அப்பா. அவர் குரல் மாறியிருந்தது.

"அப்படின்னா அவர் நாலாவது மாடிக்கு ஏறவே இல்லைன்னு மேனேஜர் சொல்றது பொய்" என்றேன். "ஏறாம இந்தக் கோடு எப்படி வந்தது? பறந்து வந்ததா?"

"அப்புறமா வந்துகூடப் பூசியிருக்கலாமே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எப்ப சார்?" என்றார் லேப் அக்கா. "விழுந்த ரெண்டு மணி நேரத்துல நான் போட்டோ எடுத்துட்டேன். அப்பவே ஆரஞ்சு இருக்கு, அப்பவே உடைஞ்சுதான் இருக்கு. உடைஞ்ச கோட்டைப் பூசி என்ன பிரயோஜனம்? இறுக்கமா இருக்கறப்ப போட்டாங்க, அப்புறம் யாரோ திருப்பியிருக்காங்க."

"லிஃப்ட் ஓடற அதிர்வுல தானாத் தளர்ந்திருக்கலாம்."

"மூணு நாள்லயா? ரெண்டு நட்டுமா? இந்த மூலையைப் பாருங்க. இரும்பு பளபளன்னு தெரியுது. ஸ்பேனர் வழுக்கின தடம். வழுக்கினப்ப பாலிஷும் பெயர்ந்திருக்கு." அவர் என்னைப் பார்த்தார். "இந்த ஆரஞ்சுக்குக் கீழே இன்னும் மூணு நிறம் இருக்கு. நேத்து வெறுமனே பெயின்ட்னு எழுதி வெச்சேன். என்னென்ன நிறம்னு நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு பார்க்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டேன். இந்த வருடத்தில் நான் வாங்கிய திட்டுகளை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். "அடியில பச்சை. அதுக்கு மேல நீலம். அப்புறம் கத்தரிப்பூ. கடைசியா ஆரஞ்சு."

லேப் அக்கா இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "அப்படியே இருக்கு. எந்த ஸ்பேனர் இதைத் திருப்பிச்சோ, அதோட வாயில இந்த நாலு நிறமும் ஒட்டின செதில் இருக்கும். மெக்கானிக்கோட ஸ்பேனரை நேத்தே பார்த்துட்டேன். பச்சை, நீலம், கத்தரிப்பூ இருக்கு. ஆரஞ்சு இல்ல. கடைசியா அவர் ஆரஞ்சைப் பூசினப்புறம் அவரோட ஸ்பேனர் இதைத் தொடவே இல்ல."

இன்ஸ்பெக்டர் மோவாயைத் தடவினார். கெட்ட மனுஷன் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். "ஒரு சின்னப் பொண்ணோட கால் நகத்தை நம்பி நான் ஒரு கட்டடத்தையே சோதனை போட முடியாது. எட்டாம் தேதிக்கு முன்னாடி இந்த ஆரஞ்சு அப்பாகிட்ட இல்லைன்னு யார் சொல்றா? நீயும் உங்கம்மாவும். வீட்டு ஆளுங்க சாட்சி எடுபடாது. தேதி போட்ட ஆதாரம் கொண்டு வா, பார்க்கலாம். திங்கட்கிழமை பதினொண்ணு வரைக்கும் டைம்."

தேதி போட்ட ஆதாரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே போய்க் கேட்பதற்குப் பதில் ஆயிரம் தோப்புக்கரணம் போடச் சொன்னால்கூடப் போட்டுவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கழுகு மிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்கள் குவிந்திருந்தன. சிவப்புப் பேனாவோடு வந்து கதவைத் திறந்தவர், என்னைப் பார்த்ததும் முதலில் என் நகத்தைத்தான் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"அது பள்ளிக்கூட ஆவணம். வெளியே போகாது" என்றார்.

அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். வந்தது கோபம்தான்.

"நாலு தடவை என்னை வராந்தால நிக்க வெச்சீங்க மிஸ். நாலு தடவையும் எங்கம்மா லீவு போட்டுட்டு வந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. என்னைப் பத்தி எழுதறப்ப மட்டும் அது உண்மையா? எங்கப்பாவுக்கு உதவணும்னா ஆவணமா? உண்மைன்னா வெளியே வரட்டும். வராதுன்னா இனிமே என் பேரை அதுல எழுதாதீங்க."

 பள்ளியை விட்டே துரத்திவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாட்டிலைத் தூக்கி எறியணும்னு ஒவ்வொரு தடவையும் உங்கம்மாகிட்ட சொல்லி அனுப்பினேனே. எறியலையா?"

"இல்ல மிஸ். அப்பாகிட்ட குடுத்துடுவாங்க."

"ம். வீட்டுக்குப் போ."

கதவு சாத்திக்கொண்டது. நான் வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா என் தலையைத் தடவினாள். அப்பா சட்டையை எடுத்துத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்போல் அமைதியாக இருந்தார்.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு ஸ்டேஷனில் இருந்தோம். டைக்காரர் தாளைப் பிரித்து வைத்தார். மேனேஜர் சாட்சிக் கையெழுத்துக்காக வந்து, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லேப் அக்கா ஒரு கோப்போடு மூலையில் நின்றார். ஆதாரம் கிடைத்ததா என்று கண்ணாலேயே கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன்.

"போடாதீங்கப்பா" என்றேன், கடைசியாக.

அப்பா பேனாவை எடுத்தார்.

அப்போது வாசலில் தெரிந்த ஒரு குரல். "இன்ஸ்பெக்டர் யாரு?"

கழுகு மிஸ்! கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"நோட்டு வெளியே போகாதுன்னு சொன்னீங்களே மிஸ்?"

"தனியாப் போகாது. நானும் கூட வந்திருக்கேன்."

நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் அதே குரலில் படிக்க ஆரம்பித்தார். தேதியோடு பச்சை. தேதியோடு நீலம். தேதியோடு கத்தரிப்பூ. ஒவ்வொன்றுக்கும் கீழே அம்மாவின் கையெழுத்து. கடைசியாக: "எட்டாம் தேதி, திங்கட்கிழமை. ஆரஞ்சு நிறம், வெள்ளி மினுக்குடன். முந்தைய நாள் தானே கலந்து தயாரித்ததாகக் கூறுகிறாள். வருத்தம் துளியும் இல்லை. பெருமை வேறு."

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இத்தனை மாதம் என் தலைமேல் தொங்கிய நோட்டு அது.

"நிறத்தையெல்லாம் எதுக்கு எழுதறீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எழுதினா முழுசா எழுதணும்" என்றார் மிஸ்.

லேப் அக்கா தன் கோப்பைத் திறந்தார். சனிக்கிழமையே என் கால் நகத்திலிருந்து அவர் சுரண்டி எடுத்துப்போன பாலிஷும் நட்டின் மேல் இருந்ததும் ஒன்றே என்று படத்தைக் காட்டினார். அதே சிவப்பு, அதே மஞ்சள், அதே மினுக்கு. மேனேஜரின் கால் ஆடுவது நின்றுவிட்டதை நான் பார்த்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

"உங்க கட்டடத்துல கருவிகள் எங்கே இருக்கு?" என்று அவரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எங்க... எங்ககிட்ட எதுவும் கிடையாது சார்."

"ஜெனரேட்டர் ரூம்ல சுவர்ல ஒரு செட் ஸ்பேனர் தொங்குது சார்" என்றார் அப்பா. "சாவி இவர்கிட்டதான் இருக்கும். லிஃப்ட் கதவை வெளியிலேர்ந்து திறக்கிற அவசரச் சாவியும் ஒண்ணு இவர்கிட்ட இருக்கு. அது இல்லாம அந்தப் பூட்டுகிட்ட யாரும் போக முடியாது."

ஒரு மணி நேரத்தில் ஸ்பேனர் வந்து சேர்ந்தது. வழவழவென்று எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். பிடியில் ஒரு ரேகைகூட இல்லை. ஆனால் வாயின் உள் மூலையை யாரும் துடைப்பதில்லை. லேப் அக்கா ஊசி முனையால் அங்கிருந்து ஒரு செதிலை எடுத்தார். உளுந்தளவுகூட இருக்காது. அதைப் பக்கவாட்டில் நிறுத்தி உருப்பெருக்கியை முதலில் என்னிடம் கொடுத்தார்.

பச்சை. நீலம். கத்தரிப்பூ. ஆரஞ்சு.

மேனேஜர் முதலில் மறுத்தார், அப்புறம் கத்தினார், அப்புறம் உடைந்துவிட்டார். "எல்லாரும் போயிட்டாங்க. அந்த ஆள் மட்டும் போக மாட்டேன்னு அடம் பிடிச்சார். கட்டட முதலாளி தினமும் என் உயிரை எடுத்தார். எப்படியும் பின்னாடியே நடந்து போறவர்தானே..." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டேன்.

டைக்காரர் மெதுவாகத் தன் தாளை மடிக்கப் பார்த்தார். அப்பா அதன்மேல் கையை வைத்தார்.

"நான் ஏறினேன் சார்" என்றார். "அழுத்திப் பார்த்தேன். கோடு போட்டேன்."

சனிக்கிழமை சொன்ன அதே மூன்று வாக்கியம். ஆனால் இந்த முறை அவருக்குச் சந்தேகம் இல்லை. சொல்லிவிட்டுத் தாளை நான்காகக் கிழித்து டைக்காரரின் கையிலேயே கொடுத்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டு, மூக்குக்கண்ணாடிக்காரருக்காக ஓவென்று அழுதார். நானும் அழுதேன். அவர் நம்பிய பூட்டு அவரை ஏமாற்றவில்லை. மனுஷன்தான் ஏமாற்றினான்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனேன். பாட்டில் அப்பாவின் பெட்டியிலேயே இருந்தது, எடுத்துப் பத்து விரலிலும் அழகாகப் பூசிக்கொண்டுதான் போனேன். வாசலில் கழுகு மிஸ் நின்றிருந்தார்.

"கையைக் காட்டு."

காட்டினேன்.

"நேத்து நான் வந்ததால விதி மாறிடும்னு நினைச்சியா?"

"இல்ல மிஸ்."

"போய் அழிச்சிட்டு வா."

"மாட்டேன் மிஸ்."

"அப்ப எழுதுவேன்."

"எழுதுங்க மிஸ். தேதியை மட்டும் மறந்துடாதீங்க."

அவர் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்புதான் என்று நான் சத்தியம் செய்வேன். அங்கேயே நின்று, நோட்டைத் திறந்து, நிறத்தோடும் தேதியோடும் எழுதினார். வீட்டிலிருந்து ஒருவர் இன்றே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அன்று அம்மா வரவில்லை. அப்பா வந்தார், இஸ்திரி போட்ட அதே சட்டையில். நோட்டை வாங்கி, என்னைப் பற்றிய ஐந்து பதிவுகளையும் ஒரு வரி விடாமல் படித்தார். "எல்லாம் உண்மைதான்" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.